தரங்கம்பாடிக் கணக்கு

தமிழ் இலக்கியம் கற்பிப்போர்க்கு ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. பட்டினப்பாலையைப் பாடம் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வினாவுக்கான விடையை அந்நூலே தந்துவிடுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார்த் துறையில் குவிந்து கிடந்த பண்டங்களைச் சுங்கச் சாவடிக் கணக்கரின் கவனத்தோடு வரிசைப்படுத்திச் செல்கிறார். கடல் கடந்து வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், வடக்கு மலைகளின் பொன், மேற்கு மலைகளின் சந்தனம், தெற்கின் முத்து, கிழக்கின் பவளம், ஈழத்து உணவுப் பொருள் என நீளும் அப்பட்டியலில் காவிரிச் சமவெளியின் விளைச்சலுக்கும் இடமுண்டு. உள்ளே வருவனவும் வெளியே செல்வனவும் கணக்கிடப்பட்டுச் சோழரின் புலி முத்திரை பெற்றன. விலையிலும் அளவையிலும் பிறரை வஞ்சியாத நடுநிலையாளர் என்று அவ்வூர் வணிகரைப் புலவர் பாராட்டவும் செய்கிறார்.

அப்புகாரிலிருந்து கடற்கரையோடு தெற்கே சற்றேறக்குறைய இருபது கிலோமீட்டர் சென்றால் தரங்கம்பாடி வருகிறது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கிய இச்சிற்றூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு குறிக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கோயிலுக்கு அருகே, கடலை நோக்கி நிற்கிறது டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. ஐரோப்பாவின் வடகோடியில், நம் தஞ்சை மாவட்டத்தார் பலரும் பெயரளவில் மட்டுமே அறிந்த டென்மார்க் என்னும் சிறு நாட்டின் அயல்வணிகம் ஏறத்தாழ இருநூற்று இருபத்தைந்து ஆண்டுக்காலம் இவ்வூர் வழியே நடந்தது. கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு நாம் அவ்வப்போது அங்குச் செல்வது வழக்கம். அவ்வணிகத்தின் வரவுசெலவைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கு வைக்க விழைகிறோம்.

டேனியர் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை என்பதே இவ்வரலாற்றின் முதற் சுவை. 1616ஆம் ஆண்டு நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் ஆதரவில் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி கோபன்ஹேகனில் தோன்றியது. கண்டி அரசரின் தூதர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட போஷௌவர் என்னும் டச்சுக்காரர் அங்குச் சென்று, போர்த்துக்கேயருக்கு எதிராகப் படையுதவி தந்தால் இலங்கையின் வணிகம் உங்களுக்கே என்று ஆசை காட்டினார். 1618இல் ஓவே கெட்டே என்னும் இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலேயே மாலுமிகள் பலர் நோயால் மாண்டனர். அழைத்துச்சென்ற போஷௌவரும் கடலிலேயே இறந்தார். எஞ்சியோர் 1620இல் இலங்கையை அடைந்தபோது, தூதர் செய்துகொண்ட உடன்பாட்டைக் கண்டி அரசர் ஏற்க மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலொன்று காரைக்கால் அருகே போர்த்துக்கேயரின் தாக்குதலில் அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சைக்குக் கொண்டு செல்லப்பட்டு இரகுநாத நாயக்கரைக் கண்டார். நாகப்பட்டினத்தில் வேரூன்றியிருந்த போர்த்துக்கேயரை மட்டுமே நம்பியிருக்க விரும்பாத நாயக்கர்க்கு இன்னொரு வணிகர் கூட்டம் வந்தது நல்வாய்ப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. தஞ்சையிலிருந்து டென்மார்க் மன்னர்க்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதி விடுக்கப்பட்ட ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. தஞ்சையில் ஆண்டவர் தெலுங்கில் காவியம் பாடியவர். அயல்நாட்டு வேந்தர்க்கு எழுதும்போது இம்மண்ணின் மொழியிலே எழுதுவித்தார். தமிழாசிரியர்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ.

இனி வணிகத்துக்கு வருவோம். டேனியர் நாடி வந்தது மிளகு. தஞ்சைச் சீமையிலோ மிளகு விளைவதில்லை. இங்கிருந்தது நெல்லும் துணியும். ஆனால் அத்துணி இருந்தால் மிளகும் கிராம்பும் தாமே வந்து சேரும் என்பதைக் கீழைக்கடல் வணிகர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைக் கொடுத்தால் மக்காசர் முதலிய தென்கிழக்காசியத் துறைகளில் நறுமணப் பண்டங்கள் கிட்டும். அங்கெல்லாம் நம் நெசவாளர் துணி ஏறக்குறைய நாணயமாகவே செலாவணி ஆயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலிருந்து துணி கிழக்கே சென்றது. கிழக்கிலிருந்து நறுமணப் பொருள் திரும்பி வந்து கோபன்ஹேகனுக்குக் கப்பலேறியது.

இத்துணிக்கு மாற்றாக டென்மார்க் எதைக் கொண்டுவந்தது? குளிர்நாட்டுக் கம்பளியைக் காவிரிக் கரையில் யார் உடுத்துவர்? நம்மிடம் விற்பதற்கு அவர்களிடம் அதிகமாக ஒன்றுமில்லை. எனவே வெள்ளியைக் கொண்டுவந்தனர். அவ்வெள்ளியிற் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டத்தின் சுரங்கங்களில் தோண்டப்பட்டு, ஸ்பானிய நாணயமாக வார்க்கப்பட்டு, பல கை மாறி வந்ததாகும். தரங்கம்பாடியிலேயே தம் மன்னரின் முத்திரையிட்ட ஈயக் காசுகளையும் பின்னர்ச் செப்புக் காசுகளையும் அடித்துச் சில்லறைப் புழக்கத்துக்கு விட்டனர்.

இவ்வணிகம் எவ்வளவு மெலிந்த நூலில் தொங்கியது என்பதற்கு ஒரு சான்று சொல்லத் தகும். 1639க்குப் பின் நெடுங்காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் அனுப்பப்படவில்லை. ஐரோப்பியப் போர்களில் சிக்கிய அந்நாடு தன் கம்பெனியை 1650இல் கலைத்தேவிட்டது. 1655இல் கோட்டைத் தலைவரும் இறந்தபின் தரங்கம்பாடியில் எஞ்சிய ஒரே டேனியர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்னும் எளிய குடியினர். அவர் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, உள்ளூராரைத் துணைக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களை மறித்துப் பொருள் சேர்த்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். தஞ்சைப் படைகள் வந்தபோதும் கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. 1669இல் கப்பலொன்று வந்து சேர்ந்தபோது, முப்பது ஆண்டுகளாகத் தாய்நாடு மறந்திருந்த கொடி அங்கே பறந்துகொண்டிருந்தது. வணிகமே இல்லாத வணிகத் தலம் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் நிலைத்தது விந்தையே.

1670இல் இரண்டாம் கம்பெனியும் 1732இல் ஆசியக் கம்பெனியும் தோன்றின. பதினெட்டாம் நூற்றாண்டில் டேனியரின் பெருஞ்செல்வம் சீனத்துத் தேயிலையால் வந்தது. கான்டனிலிருந்து கோபன்ஹேகனுக்கு வந்த தேயிலையையும் இந்தியத் துணியையும் டேனிய மக்கள் தாமே நுகர்ந்துவிடவில்லை. பெரும்பகுதி மறு ஏற்றுமதி ஆயிற்று. ஆங்கில நாட்டில் தேயிலை வரி மிகுதியாக இருந்தமையால் கள்ளத்தனமாக அங்குப் புகுந்த தேயிலையில் டேனியருக்கும் பங்குண்டு. 1784இல் ஆங்கிலேயர் அவ்வரியைக் குறைத்ததும் அவ்வழி அடைபட்டது. பிறநாட்டார் போரிட்டுக்கொண்டபோது நடுநிலை நாட்டின் கொடிகட்டிய கப்பலே பாதுகாப்பானது என்பதால் அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் தரங்கம்பாடித் துறை செழித்தது. இன்று நகர வாயிலாக நிற்கும் வளைவு அச்செழிப்பின் இறுதி ஆண்டுகளில், 1792இல் எழுப்பப்பட்டது. பின்னர் டென்மார்க்கும் போரில் இழுக்கப்பட்டபோது ஆங்கிலேயர் இருமுறை ஊரைக் கைப்பற்றினர். இறுதியில் 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடி ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பண்டங்களை விற்றுவந்த ஊர் தானே பண்டமாகி விலைபோயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் கோட்டையின் மேல்தளத்தில் நின்று இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடித்தபோது, கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க வந்திருந்த இளங்கலை மாணவி ஒருவர் கேட்டார்: “ஐயா, துணி போனது, வெள்ளி வந்தது என்கிறீர்கள். ஆட்கள் யாரும் போகவில்லையா?”

மீன்பிடி ஒப்பந்தத்தில் வளைகுடா நாடு சென்ற தம் தமையனை எண்ணி அவர் கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வினா நாம் அன்று சொல்லாது வைத்திருந்த மூன்றாம் பத்தியைத் திறந்துவிட்டது. வரவு, செலவு என்னும் இரு பத்திகளுக்கு அப்பால், பண்டங்களின் நிரலில் மனிதர் எழுதப்பட்ட பத்தி அது.

தஞ்சை வளநாடு என்று பாடுகிறோம். ஆயினும் படையெடுப்பு வந்தபோதும் மழை பொய்த்தபோதும் இவ்வளநாட்டில் பஞ்சம் வந்திருக்கிறது. 1645ஐ ஒட்டி நாயக்கர்கள் பீஜப்பூர்ச் சுல்தானின் மேலாண்மையை எதிர்த்ததும், அச்சுல்தானின் படை தஞ்சை நாட்டுப்புறத்தைப் பாழாக்கியது. 1646இல் டச்சுக் கம்பெனி பத்தாவியாவுக்கு 2118 அடிமைகளைக் கப்பலேற்றியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சோழமண்டலத்தின் தென்கரையினர். 1658இல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்து மீண்டும் பீஜப்பூர்ப் படைகள் வந்தன, மீண்டும் பஞ்சம். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் அக்கம்பெனி வாங்கிய அடிமைகள் எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். உணவின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்றோர் அவர்களுள் உண்டு. தரங்கம்பாடியும் இவ்வழக்கத்துக்கு விலக்கன்று; டேனியர் குடியிருப்பிலும் மனிதர் வாங்கவும் விற்கவும் பட்டனர்.

துணியின் கதையும் இங்கே வந்து முடிச்சிட்டுக்கொள்கிறது. நம் கரையில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் நல்ல கிராக்கி இருந்தது. ஐரோப்பியர் அத்துணியை அங்குக் கொடுத்து அடிமைகளைப் பெற்றனர். டேனியருக்கும் இன்றைய கானா நாட்டின் கடற்கரையில் கோட்டை இருந்தது. கரிபியக் கடலில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்னும் மூன்று தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அட்லாண்டிக் அடிமை வணிகத்தை நிறுத்த டென்மார்க் 1792இல் சட்டம் இயற்றி 1803 முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய நாடுகளுள் அது முன்னோடியே. எனினும் தீவுகளிலிருந்த அடிமைகள் 1848இல்தான் விடுதலை பெற்றனர். முன்பணம் வாங்கி, தரகரின் கடனில் கட்டுண்டு, இரவும் பகலும் தறியில் குனிந்திருந்த நம் நெசவாளர், தாம் நெய்த முழத்துக்கு ஆப்பிரிக்கக் கரையில் என்ன விலை வைக்கப்பட்டது என்பதை அறிய வழியே இல்லை.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது உடன்வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் நம்மைச் சற்றே கடிந்துகொண்டார். “பிள்ளைகளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறீர்கள்? 1706இல் சீகன்பால்கு வந்ததையும், அச்சகம் வைத்ததையும், பொறையாற்றில் காகித ஆலை நடந்ததையும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதையும் சொல்லுங்கள். ஊருக்குப் பெருமையாக இருக்கும்” என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் அச்சுப்பொறி இலண்டனிலிருந்தும் டேனியக் குடியிருப்புக்கு வந்த வரலாறு இறக்குமதிக் கணக்கிலேயே மிக உயர்ந்த வரவு. அதனை நாம் வகுப்பில் ஒருநாளும் விட்டதில்லை. தமிழ் உரைநடையின் பயணத்தில் அதற்குரிய இடத்தையும் மறுப்பார் இலர்.

ஆனால் பெருமைக்குரிய வரவை மட்டும் எழுதி, வெட்கத்துக்குரிய செலவை விட்டுவிடும் கணக்கைக் கணக்கு என்று எப்படி ஏற்பது? விலைபோனோருள் ஒருவரின் பெயரையும் இவ்வூரின் கற்பலகை எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்காகக் கல் நாட்டும் அதிகாரம் நம்மிடம் இல்லை, வகுப்பறை இருக்கிறது. அம்மாணவியின் வினாவுக்கு அன்று நாம் முழுமையாக விடை சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாதிருந்தனர். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் பத்தியையும் சேர்த்தே சொல்லி வருகிறோம்.

டென்மார்க்கின் கதை 1845உடன் முடிந்துவிடவில்லை. குடியேற்றங்களை விற்ற அந்நாடு பின்னர் என்ன செய்தது என்பது நெல் விளைவிக்கும் நம்போன்றோர் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கும் தானியம் விற்கும் நாடாகவே இருந்தது. 1870களில் அமெரிக்கக் கோதுமை நீராவிக் கப்பல்களில் மலிவாக வந்து ஐரோப்பியச் சந்தையை நிறைத்தது. விலை வீழ்ந்தது. டேனிய உழவர் அம்மலிவுத் தானியத்தையே வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாக இட்டு, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் செய்து ஆங்கில நாட்டுக்கு விற்கத் தொடங்கினர். 1882இல் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை, 1887இல் முதல் கூட்டுறவு இறைச்சிக் கூடம் என உழவரே முதலாளிகளாயினர். நான்கு மாடு வைத்திருந்தவருக்கும் நாற்பது மாடு வைத்திருந்தவருக்கும் வாக்கு ஒன்றே. படகும் பீரங்கியும் தராத வளத்தை உழவரின் கூட்டுறவு தந்தது.

அப்பன்றிகளிலிருந்து இன்னொரு ஏற்றுமதியும் பிறந்தது. நோபல் பரிசு பெற்ற டேனிய உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோ 1922இல் வட அமெரிக்கா சென்றார். அவருடைய மனைவி மரீ நீரிழிவு நோயாளி, தாமும் மருத்துவர். கனடாவின் டொராண்டோவில் அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த இன்சுலினைப் பற்றி அறிந்துவருமாறு கணவரைத் தூண்டியவர் அவரே. செய்யும் உரிமையைப் பெற்றுத் திரும்பிய குரோ, 1923இல் டென்மார்க்கில் இன்சுலின் உற்பத்திக்கு வழி செய்தார். கணையம் இறைச்சிக் கூடங்களில் மலிந்து கிடந்தது. இன்று விலங்குக் கணையம் தேவையில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டே செய்துவிடுகின்றனர். டென்மார்க்கின் ஏற்றுமதியில் மருந்துகள் முன்னணியில் நிற்கின்றன.

இச்செய்தி நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. மூன்று வேளையும் சோறுண்டு பழகிய காவிரிப் படுகையில் நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவருகிறது. நம் தாயாரும் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். குளிர்பெட்டியின் கதவில், மோர்ப் பாத்திரத்துக்கு மேலே இருக்கும் அந்தச் சிறு பெட்டி டென்மார்க்கைத் தாயகமாகக் கொண்ட நிறுவனத்துடையது. ஊரில் அவர் பெயரில் சிறிது நிலமுண்டு. அறுவடை நெல்லை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறோம். இன்றைய விலையில் நாற்பது கிலோச் சிப்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. தாயாரின் மருந்துக்கும் சோதனைப் பட்டைகளுக்கும் மாதம் இரண்டு சிப்பம் போகிறது. ஆண்டுக்கு இருபத்துநான்கு சிப்பம். ஒரு மா நிலத்தின் விளைச்சலுக்கும் மேல்.

ஒருநாள் இக்கணக்கைத் தாயாரிடம் விளையாட்டாகச் சொன்னோம். முன்பு அந்நாட்டார் வெள்ளி கொண்டுவந்து நம் துணியை வாங்கினர், இப்போது நாம் பணம் கொடுத்து அவர்கள் மருந்தை வாங்குகிறோம் என்றோம். எழுத்தறிவு அதிகம் இல்லாத அவர் சிறிது நேரம் சிந்தித்து, “நம்ம நெல்லு அங்க போகுதா தம்பி?” என்றார். இல்லை, நியாயவிலைக் கடைகளுக்குப் போகிறது என்றோம். “அப்ப சரி. நம்ம ஊரு சனந்தானே சாப்பிடுது” என்று ஊசியை எடுத்துக்கொண்டார்.

அவருடைய விடையில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. விற்பவரின் பெயர் பெட்டியில் இருக்கிறது. விளைவித்தவரின் பெயர் சிப்பத்தில் இருப்பதில்லை. நெல்லை விற்று மருந்தை வாங்கும் நாடு, அந்நெல்லிலிருந்தே மேலும் மதிப்புள்ள ஒன்றைச் செய்துவிற்கக் கற்கவேண்டும் என்னும் கவலை நமக்கு உண்டு. ஆயினும் 1646ஐயும் 1659ஐயும் அறிந்தபின் தாயாரின் சொல்லைத் தள்ளிவிடவும் இயலவில்லை. வயல் பாழாகி உண்ண வழியின்றிப்போன இதே மண்ணின் மக்களைக் கப்பலேற்றிய துறைகள் இவை. இன்று நம் தெருவின் நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க வரிசையில் நிற்போர் யாரும் விலைபோகவில்லை. எந்த நாட்டின் வணிகக் கணக்கைப் படித்தாலும் முதலில் பார்க்கவேண்டிய பத்தி அதுவே என்று இப்போது நம் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறோம். மற்ற இரு பத்திகளையும் அதற்குப் பின் கூட்டிக்கொள்ளலாம்.